ஒரே பாட்டுக்கு மூன்று பிளேட்டு: பழைய ஜாஸ் ரெக்கார்டு சேர்க்கிறவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

"ஒரே பாட்டுக்கு எதுக்கு மூணு பிளேட்டு?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அலமாரியில் 'பாடி அண்ட் சோல்' என்று பெயர் போட்ட மூன்று தட்டுகள் அடுத்தடுத்து நின்றன. இரண்டை ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் எடுக்கிற கடையில் போட்டால் ஒரு நேரத்து மீனுக்காவது ஆகும் என்பது அவள் கணக்கு. இந்தத் தட்டுக்கு ஆக்கர் கடைக்காரர் பத்துப் பைசாகூடத் தரமாட்டார் என்பதை நான் சொல்லவில்லை.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், பழைய ஜாஸ் இசைத்தட்டு சேர்க்கிறவர்களின் பைத்தியத்தில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி ஊசி, தூசி, பூஞ்சை. அதையும் சொல்கிறேன்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. ஒரு கீர்த்தனையைப் பத்துப் பேர் பாடுகிறார்கள். கீர்த்தனை ஒன்றுதான். ஆனால் ஆலாபனையும் நிரவலும் கல்பனாஸ்வரமும் ஆளுக்கு ஆள் மாறும்; அதே ஆள் அடுத்த நாள் பாடினாலும் மாறும். அதை மனோதர்மம் என்கிறோம். நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ரெக்கார்டை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தவர்கள் தோடி ராகத்தைச் சேர்த்து வைக்கவில்லை. அந்த ஆள், ஸ்டூடியோவில் அந்த நேரத்தில், அந்தத் தோடியை வாசித்த விதத்தைச் சேர்த்து வைத்தார்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் உண்டாக்கிய ஜாஸும் அப்படித்தான். பாட்டு என்பது சட்டையை மாட்டுகிற ஆணி மாதிரி. முக்கியமானது ஆணி அல்ல. பெரும்பாலான பழைய ஜாஸ் பாட்டுகள் 12 அல்லது 32 அட்சரக்கட்டு கொண்ட ஒரு சுற்று. கட்டு என்று நான் சொல்வது அவர்கள் 'பார்' என்பதை, பெரும்பாலும் நாலு எண்ணிக்கை. ஒரு முழுச் சுற்றுக்கு 'கோரஸ்' என்று பெயர். சேர்ந்து பாடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் ஆவர்த்தனத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். முதல் சுற்றில் மெட்டை வாசிப்பார்கள். அடுத்த சுற்றிலிருந்து அந்த மெட்டின் அடியில் ஓடும் சுரக்கூட்டு வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு, மேலே ஒவ்வொருவரும் தன் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடுவார்கள்.

இனி என்னுடைய மூன்று பிளேட்டுக்கு வருகிறேன். 'பாடி அண்ட் சோல்' 1930-இல் வந்த மெட்டு. இசை ஜானி கிரீன். அதே ஆண்டில் லூயி ஆம்ஸ்ட்ராங் அதைப் பாடி, ட்ரம்பெட்டும் வாசித்துப் பதிவு செய்தார். என் முதல் தட்டு அது. இரண்டாவது, 1935-இல் பென்னி குட்மேன் கிளாரினெட்டில் வாசித்தது. கூட இருப்பவர்கள் இரண்டே பேர்: பியானோவில் டெடி வில்சன், டிரம்ஸில் ஜீன் குரூபா. குட்மேன் வெள்ளையர், வில்சன் கறுப்பர். இரு நிறத்தாரும் ஒரே மேடையில் உட்கார்ந்து வாசிப்பதை அன்றைய அமெரிக்கா சுலபமாக ஏற்காது. ரெக்கார்டில் முகம் தெரியாது என்பதால் அங்கே அது முதலில் நடந்தது. மேடைக்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

மூன்றாவது தட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1939 அக்டோபர் 11, நியூயார்க். டெனர் சாக்சபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் பல வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். பியானோ நாலு கட்டு வாசித்து ஆரம்பித்துக் கொடுக்கிறது. ஹாக்கின்ஸ் உள்ளே வருகிறார். ஏறக்குறைய முதல் எட்டுக் கட்டுவரை மெட்டின் சாயல் இருக்கும். அப்புறம் மெட்டைக் காணவே காணோம். இரண்டு கோரஸ், அதாவது 64 கட்டு, மூன்று நிமிடம். மெட்டுக்குத் திரும்பாமலே ஏறி ஏறிப் போய், கடைசியில் இறங்கி வந்து நிற்கிறார். மெட்டே இல்லாத அந்த 'பாட்டு' அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. காதல் பாட்டு வாங்க வந்தவர்கள் ஆலாபனையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சரி, இப்போது சொல்லுங்கள், மூன்றும் ஒரே பாட்டா?

ஜாஸில் வாசித்ததை யாரும் முன்னால் எழுதி வைக்கவில்லை. வாசித்த நிமிடத்தோடு அது போய்விடும். தப்பிப் பிழைத்தது ரெக்கார்டில் இருப்பது மட்டும். அதனால்தான் சேர்க்கிறவர்கள் பாட்டின் பெயரைவிட மற்ற விஷயங்களைக் குடைந்து குடைந்து கேட்கிறார்கள். என்று பதிவானது? யார் யார் வாசித்தார்கள்? எந்த டேக்? ஸ்டூடியோவில் ஒரே பாட்டை இரண்டு மூன்று தடவை வாசிப்பார்கள். ஒவ்வொரு தடவைக்கும் 'டேக்' என்று பெயர். நல்லது என்று தோன்றுவதைக் கம்பெனி வெளியிடும். சில சமயம் மறு அச்சில் வேறொரு டேக்கைப் போட்டுவிடுவதும் உண்டு. சினிமாப் பாட்டு சேர்க்கிறவருக்கு இது அச்சுப்பிழை. ஜாஸ் சேர்க்கிறவருக்கு அது இன்னொரு கச்சேரி.

கதை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால், தட்டுக் கணக்கில் 1917 பிப்ரவரி 26 என்று சொல்லலாம். அன்று விக்டர் கம்பெனி நியூயார்க்கில் 'ஒரிஜினல் டிக்சிலேண்ட் ஜாஸ் பேண்ட்' என்ற குழுவைப் பதிவு செய்தது. முதல் ஜாஸ் ரெக்கார்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். ஒரு பக்கத்தின் பெயர் 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்'. குதிரை லாயத்தைப் பற்றியது. கிளாரினெட் சேவலாகக் கூவும், ட்ரம்பெட்டின் குட்டித் தம்பியான கார்னெட் குதிரையாகக் கனைக்கும். இப்போது கேட்டால் சர்க்கஸ் மாதிரிதான் இருக்கிறது. வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த வெள்ளையர்கள். அந்த இசையை உண்டாக்கிய கறுப்பின மக்களின் குழுக்கள் பரவலாகப் பதிவாவதற்கு இன்னும் சில வருடம் பிடித்தது. 1923-இல் கிங் ஆலிவர் தன் குழுவோடு இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற ஊருக்குப் போனார். இரண்டாவது கார்னெட் வாசித்தவர் ஓர் இளைஞர், பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவருடைய குழல் முதன்முதலில் பதிவுக்கான மெழுகுத் தட்டில் பதிந்தது அங்கேதான். அந்த ஸ்டூடியோவை ஒட்டி ரயில் தண்டவாளம். ரயில் வந்தால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்போது மைக் கிடையாது. பெரிய தகரக் குழாய்க்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும். டிரம்ஸை ஓங்கி அடித்தால் பதிவு செய்கிற ஊசி துள்ளிவிடும். அதனால் மரக்கட்டையைத் தட்டிச் சமாளித்தார்கள். 1925-இல் மைக் வைத்த மின்பதிவு வந்தது. இந்த வருடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய தட்டு என்றால் அடுத்த வீட்டு ரேடியோவைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். பிந்தியது என்றால் ஆள் அறைக்குள் வந்துவிட்ட மாதிரி. வித்தியாசத்தைக் கேட்க 1928 ஜூனில் பதிவான ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' போதும். தொடக்கத்தில் தாளம், பக்கவாத்தியம் ஒன்றுமில்லாமல் ட்ரம்பெட் தனியாக ஏறி இறங்கும். கால் நிமிடம்கூட வராது. ஆனால் அந்தக் கால் நிமிடத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த இசைக்குள் நுழைய ஒரு பக்கவாசல் இருக்கிறது. அது பேண்டு செட். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா ஆகட்டும், கடற்கரை ஊர்களின் சப்பரப் பவனி ஆகட்டும், ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் டிராம்போனும் இல்லாமல் நடக்காது. அடக்கத்துக்குப் போகும்போதும் பேண்டு வரும். நியூ ஆர்லியன்ஸிலும் இதே கருவிகள்தான், இதே வேலைதான். கல்லறைக்குப் போகும்போது மெதுவாக ஞானப்பாட்டு வாசித்துக்கொண்டு போவார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே குழு துள்ளலாக வாசித்துக்கொண்டு வரும். ஜாஸ் கிளம்பிய இடங்களில் அந்தத் தெருவும் ஒன்று. ரெக்கார்டு கேட்கக் கூடுகிற எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஓர் அண்ணன் குளச்சல் பக்கத்தில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். பென்னி குட்மேன் தட்டை முதல் தடவை கேட்டபோது அவர் பாட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "இவன் எங்க வச்சு மூச்சு எடுக்கான்?" என்று மட்டும் கேட்டார். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவை கண்டுபிடித்துவிட்டார்.

இப்போது தட்டு. தட்டு என்றவுடன் வினைல் என்று நினைக்கிறோம். 1940-களின் கடைசிவரை வந்த ரெக்கார்டுகள் பெரும்பாலும் அரக்குத் தட்டுகள். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுவதால் 'எழுபத்தெட்டு' என்றே பெயர். 10 அங்குல அகலம், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். அந்தக் காலத்து ஜாஸ் எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிவதற்கு இசை இலக்கணம் காரணமல்ல, தட்டில் இடமில்லை.

அரக்கு எங்கிருந்து போனது? பெரும்பகுதி இங்கிருந்துதான். சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை மரங்களின் கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின் அது. அதோடு கல்பொடியும் கரியும் சேர்த்துச் சூடாக்கி அழுத்தினால் தட்டு. சிகாகோவில் பதிவான ஆம்ஸ்ட்ராங் நம் நாட்டுப் பூச்சியின் உழைப்பில்தான் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் கப்பல் போக்குவரத்து சிக்கலானதும் 1942-இல் அமெரிக்க அரசு ரெக்கார்டுக்கான அரக்கை வெட்டிக் குறைத்தது. பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுங்கள், உருக்கிப் புதிது செய்கிறோம் என்றெல்லாம் கேட்டு வாங்கினார்கள். எத்தனை அருமையான தட்டுகள் அப்படி உருகிப் போயினவோ!

அரக்கு என்று தெரிந்தால் ஒரு பெரிய தப்பிலிருந்து தப்பிக்கலாம். ஆசாரி மரச்சாமானுக்கு பாலிஷ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்: அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் போட்டுக் கரைப்பார். எழுபத்தெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட்டையோ சானிடைசரையோ தொட்டுத் துடைத்தால் உங்கள் தட்டும் அப்படியே கரைய ஆரம்பிக்கும். நான் செய்திருக்கிறேன். ஒரு துடைப்புத்தான், ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பு போய், அந்த இடம் வரும்போதெல்லாம் அடுப்பில் எண்ணெய் காய்கிற சத்தம். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பிரஷ், வரிப்பள்ளம் ஓடுகிற திசையிலேயே தேய்ப்பு, லேபிளில் ஈரம் படாமல் அலசல், நிழலில் உலர்த்தல். அவ்வளவு போதும்.

அரக்குத் தட்டு வெயிலில் வளையும், கீழே விழுந்தால் உடையும். என் மாமா திங்கள்நகர்ப் பக்கம் ஒரு காலத்தில் ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாண வீட்டுக்கும் கோவில் கொடைக்கும் குழாய் கட்டி ரெக்கார்டு போட்டவர். நான் முதல் எழுபத்தெட்டைக் கையில் எடுத்ததும் அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "பைய எடு மக்கா, கண்ணாடில்லா!" இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஓரத்தைப் பிடிக்க வேண்டும், வரியில் விரல் படக்கூடாது. அடுத்த பாடம் ஊசி. "ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, கேட்டியா? ஊசிக்க காசப் பாத்தா பிளேட்டு போயிரும்." அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கிராமபோனின் இரும்பு ஊசியைத் தட்டில் இருக்கும் கல்பொடி அரைத்து, வரிக்குள் உட்காருகிற வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் முனை தேய்ந்து தட்டையாகிவிடும். அதே ஊசியை மறு பக்கத்துக்கும் போட்டால் இப்போது ஊசி தட்டை அரைக்கும்.

1948-இல் கொலம்பியா கம்பெனி எல்பி என்ற நீண்ட தட்டைக் கொண்டுவந்தது. வினைல், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். அடுத்த வருடம் விக்டர்காரர்கள் 45 சுற்றுச் சின்னத் தட்டை விட்டார்கள். எல்பியின் வரி, எழுபத்தெட்டின் வரியில் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான் இருக்கும். அதனால் இரண்டுக்கும் தனித்தனி ஊசி வேண்டும். எல்பி ஊசியை எழுபத்தெட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் கேட்பீர்கள். தாத்தாவின் சாவி கொடுக்கிற கிராமபோனில் எல்பியை வைப்பது கொலைக்குச் சமம். அதன் தலை நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். எல்பி தாங்குவது இரண்டு மூன்று கிராம்.

நேரம் கிடைத்ததும் ஜாஸின் உருவமே மாறியது. ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-இல் வந்தது. அதில் முதல் பாட்டே ஒன்பது நிமிடத்துக்கு மேல். அந்த எல்பியில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் நாள் பதிவில் டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பிப் போட்டதும் முதல் பக்கம் முழுவதும் லேசாக வேகம் கூடி, சுருதியும் ஒரு இழை ஏறிவிட்டது. 1992-இல்தான் ஒரு மறுவெளியீட்டில் திருத்தினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகமே அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகி, நம் வாத்தியம்தான் இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது. திருத்திய பதிப்பு வேண்டுமா, தப்பான பழைய அச்சு வேண்டுமா? சேர்க்கிறவர்கள் தப்பானதற்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். முதலில் உலகம் கேட்டது அதைத்தானே என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை. கேட்கத்தான் வாங்குகிறோம் என்றால் திருத்தியதே போதும்.

'ஒரிஜினல்' என்ற சொல்லை இங்கே விளக்க வேண்டும். ரெக்கார்டு சேர்ப்பில் ஒரிஜினல் என்றால் போலி அல்லாதது என்று அர்த்தமில்லை. முதல் அச்சு என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிப்பது ஒரு துப்பறியும் வேலை. லேபிளின் நிறம், அதில் அச்சிட்ட விலாசம், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வழவழவென்று இருக்கும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்கள், எல்லாம் சாட்சி. அந்த எண்ணுக்கு மேட்ரிக்ஸ் எண் என்று பெயர். பல கம்பெனிகளில் அதன் கடைசி எண்ணோ எழுத்தோ எந்த டேக் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஆல்ஃபிரட் லயன் 1939-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ப்ளூ நோட்' கம்பெனியின் எல்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெற்று வளையத்தில் காது மாதிரி ஒரு சின்னச் சுழி இருந்தால் அது 1966-க்கு முன் பிளாஸ்டிலைட் என்ற ஆலையில் அழுத்திய தட்டு. உண்மையில் அது ஆங்கில 'பி' எழுத்து, கைப்பழக்கத்தில் காதாகிவிட்டது. தட்டைக் கையில் வாங்கினவுடன் ஜன்னல் பக்கம் சாய்த்து முறைத்துப் பார்க்கிறவரைக் கண்டால் அவர் காது தேடுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு நியூயார்க் முதல் அச்சு எட்டாக்கனி. அதற்காக வருத்தப்பட வேண்டாம். கிராமபோன் கம்பெனி 1908-இலேயே கல்கத்தாவில் ஆலை தொடங்கி, பின்னால் டம்டமில் பெரிதாக நடத்தியது. நாய் முத்திரை போட்ட எச்எம்வி, கொலம்பியா, பார்லோபோன் லேபிள்களில் மேல்நாட்டு இசையும் அங்கே அச்சாகியது. இந்தியாவில் எழுபத்தெட்டு மற்ற நாடுகளைவிட நீண்ட நாள் உயிரோடு இருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே அரக்குத் தட்டில் வந்தன. இந்தியாவிலேயே பதிவான ஜாஸும் உண்டு. சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே குழுவில் வாசித்த டெடி வெதர்ஃபோர்டு என்ற பியானோக்காரர் கிழக்கே கிளம்பி வந்து, ஷாங்காய், பம்பாய் என்று சுற்றி, கடைசியில் கல்கத்தாவில் தங்கிவிட்டார். யுத்த காலத்தில் அங்கே ரெக்கார்டு போட்டார். 1945-இல் காலரா வந்து அங்கேயே இறந்தார். கல்கத்தாவில் பதிவாகி, நம் அரக்கில் அழுத்திய சிகாகோ ஜாஸ்! எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பம்பாயில் கோவாக்காரர்கள் இரவில் ஹோட்டலில் ஜாஸும் பகலில் இந்திப் படத்துக்கும் வாசித்தார்கள். 1951-இல் வந்த 'அல்பேலா' படத்தில் ட்ரம்பெட்காரர் சிக் சாக்லேட் திரையிலேயே வருவார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜாஸ் தட்டு கிடைக்குமா? உண்மையைச் சொன்னால், அபூர்வம். பழைய வீட்டைப் பிரிக்கும்போது மச்சிலிருந்து இறங்குகிற பெட்டியில் தமிழ், மலையாளச் சினிமாப் பாட்டு இருக்கும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் அல்லவா. கிறிஸ்தவக் கீர்த்தனை இருக்கும். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கே.யின் நகைச்சுவைத் தட்டு இருந்தால் அதை ஜாஸைவிடப் பத்திரமாக எடுத்துவையுங்கள். ரப்பர் எஸ்டேட் பங்களாக்களிலும் பழைய மிஷன் வீடுகளிலும் இருந்த மேல்நாட்டுத் தட்டுகள் எப்போதாவது கைமாறி வரும். பெரும்பாலும் நடனத்துக்கான மெல்லிசை. நடுவே ஒரு குட்மேன், இல்லை பியானோக்காரரும் ஜாஸ் குழுத் தலைவருமான டியூக் எலிங்டன் ஒளிந்திருப்பார். எனக்கு முதல் தட்டு வடசேரியில் ஒரு பழைய சாமான் குவியலில் கிடைத்தது. மேலே உறை இல்லை, ஓரத்தில் ஒரு பல் போயிருந்தது, விலை இருபது ரூபாய். மற்றபடி கல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெரு, பம்பாயின் சோர் பஜார் என்று யாராவது போகும்போது சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் கேளுங்கள், வாங்குவது அப்புறம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பழைய விக்டர் தட்டுகளை இணையத்தில் இலவசமாகக் கேட்க வைத்திருக்கிறது. ஒரு வாத்தியத்தையோ ஒரு ஆளையோ பிடித்துக்கொண்டு ஆறு மாதம் கேளுங்கள். 'எல்லா ஜாஸும் வேண்டும்' என்று ஆரம்பித்தவர்களின் அலமாரி இரண்டே வருடத்தில் விற்பனைக்கு வரும். எனக்கு லாபம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

வாங்கும்போது தரத்துக்கு ஒரு குறியீட்டு மொழி உண்டு. மின்ட் என்றால் புத்தம் புதுசு. அப்புறம் நியர் மின்ட், வெரி குட் ப்ளஸ், வெரி குட், குட், ஃபேர், பூர் என்று இறங்கும். இதில் 'குட்' என்பதை நம்பி வாங்காதீர்கள். கல்யாணத் தரகர் 'பையன் சுமார்' என்று சொல்வது மாதிரி அது. குட் என்றால் ஊசி ஓடும், பாட்டு எங்கோ கேட்கும்.

நம் மாவட்டத்தில் சேர்க்கிறவருக்குப் பெரிய எதிரி விலை அல்ல, ஈரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நம் தலையில்தான் பெய்கின்றன, போதாததற்கு உப்புக்காற்று. உறைக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், அட்டையைக் கரையான் தின்னும், ஊசி டப்பா துருப்பிடிக்கும். தட்டுகளைப் புத்தகம் மாதிரி நேராக நிறுத்துங்கள்; படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது போய்விடும். அலமாரி சுவரைத் தொடாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும். பூஞ்சை பிடித்த பழைய காகித உறையைப் பாசத்தோடு வைத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். மொட்டைமாடி அறை வேண்டவே வேண்டாம். ஏப்ரலில் அங்கே வைத்த என் எல்பி ஒன்று அப்பள வடிவத்துக்கு வந்துவிட்டது.

இனி கூட்டுக்காரர்கள். இது தனியாகச் செய்கிற வேலையே அல்ல. நாங்கள் நாலைந்து பேர் ஞாயிறு சாயங்காலம் ஒரு வீட்டு வராந்தாவில் கூடுகிறோம்: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கிளாரினெட் அண்ணன், மாமா, நான், எப்போதாவது வருகிற இளைஞர்கள். சாயா, ஏத்தங்காய் சிப்ஸ். சிப்ஸ் தின்ற கையோடு தட்டைத் தொட்டால் மாமா எழுந்து போய்விடுவார். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்: "யாரு டிரம்ஸ்?" "எந்த வருசம்?" "அந்த ரெண்டாவது கோரஸ்ல பியானோக்காரன் வழுக்கினானே, கவனிச்சேளா?" இதில் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் சீக்கிரம் அழிந்துவிடும். ஆசிரியருக்குத் தேதிகள் தெரியும். ஆனால் இந்த ட்ரம்பெட் சத்தம் வாய்க்குள் எதையோ வைத்து அடைத்த மாதிரி இருக்கிறதே என்று அவர் கேட்டபோது, குழலின் வாயை மூடித் திறக்கிற 'மியூட்' பற்றிச் சொல்ல அண்ணன்தான் வேண்டியிருந்தது.

புதிதாக ஒரு கூட்டத்தில் உட்காருகிறவர் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். தட்டு ஓடும்போது பேசக்கூடாது. மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது யாருக்கும் கஷ்டமில்லை. இன்னொருவர் தட்டைக் கேட்காமல் உறையிலிருந்து உருவக்கூடாது. எடுத்தவுடன் 'என்ன விலை?' என்று கேட்டால் முகம் சுருங்கும், 'எங்கே கிடைத்தது?' என்று கேளுங்கள், விலை தானாக வந்துவிடும். 'இதெல்லாம் ஜாஸே இல்லை' என்று யாராவது ஆரம்பித்தால் விவாதிக்காமல் அடுத்த தட்டைப் போடுங்கள். 1917-இலிருந்து அந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை.

கடைசியாக, பார்சலில் தட்டு வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன வருடம் வெளியூர்க்காரர் ஒருவரிடம் ஒரு எலிங்டன் எழுபத்தெட்டு வாங்கினேன். ஒற்றை அட்டைக்கு நடுவே வைத்து, ஒரு செய்தித்தாளைச் சுற்றி அனுப்பிவிட்டார். தட்டுக்கு இரண்டு பக்கமும் அதைவிடப் பெரிய கெட்டி அட்டை, எல்லாம் சேர்ந்த கட்டு பெட்டிக்குள் மிதக்கிற மாதிரிச் சுற்றிலும் நெருக்கிய தாள், இப்படித்தான் கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படம் அனுப்பச் சொல்லுங்கள். என் தட்டு இரண்டாகவில்லை. ஓரத்திலிருந்து லேபிள்வரை மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஊசி அதைத் தாண்டும்போதெல்லாம் 'டக்' என்கிறது. நிமிடத்துக்கு 78 டக், மூன்று நிமிடத்துக்கு 234. மாமா முதலில் முகத்தைச் சுளித்தார். பாதிப் பாட்டுக்கு மேல் பார்த்தால், அவர் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எலிங்டனுக்கா டக்குக்கா என்று கேட்டேன். "சும்மா இரிலே, பாட்டு ஓடுது" என்றார்.